மதிலுக்கு அந்தப் பக்கம் கேட்ட இளவரசிகள் கதை

மண்ணெண்ணெய்க்கும் பெற்றோலுக்கும் வெயிலில் வரிசை நின்றோமே, அந்தக் காலம் முடிந்து யாழ்ப்பாணத்தில், எங்கள் கொக்குவில் ஒழுங்கைகளில் மறுபடி மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்கத் தொடங்கிய மாரியில்தான், என் மனைவி பரமேஸ்வரி சட்டை இறுக்குகிறது என்று முதன்முதலாகச் சொன்னாள். வரிசை நின்ற மாதங்களில் ஊரே மெலிந்து போயிருந்தது. என் சாரமே இடுப்பில் நிற்காமல் வழுக்கியது. அவளுக்கு மட்டும் வயிறு முன்னுக்கு வந்தது. வாய்வு என்று நினைத்து உள்ளியும் இஞ்சியும் இடித்துக் குடித்தாள். இரண்டு வாய் சாப்பிட்டதும் போதும் என்றாள். அதையும் நாங்கள் நல்லதென்றே எடுத்துக்கொண்டோம். அன்றைக்குச் சாமான் விற்ற விலை அப்படி.

இதைப் படிக்கிற சிலருடைய வீட்டில் இப்போது ஒருவர் படுக்கையில் இருக்கலாம். அவர்களுக்காகத்தான் சொல்கிறேன். நான் பள்ளிக்கூடம் போனவன் அல்ல. கையெழுத்து வைப்பேன், பஸ்ஸின் பெயர்ப்பலகையை எழுத்துக்கூட்டுவேன், அவ்வளவுதான். நான் சொல்லச் சொல்ல மகள் சுகந்தி எழுதுகிறாள். அவள் ஆசிரியை. நான் கதைக்கிறபடி எழுதினால் ஒருவருக்கும் விளங்காது என்று புத்தகத் தமிழாக்கிவிடுகிறாள். ஆட்கள் கதைத்ததை மட்டும் கதைத்தபடியே விடச் சொல்லியிருக்கிறேன்.

ஸ்கான் எடுத்த அன்று ஆஸ்பத்திரி விறாந்தையில் ஒரு நீள வாங்கில் இருந்தோம். பரமேசு தன் செருப்பைக் கழற்றி ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி வைத்திருந்தாள், கோயிலுக்கு வந்தவள் போல. உள்ளே கூப்பிட்ட டொக்டர் இளம் பெண். எங்கள் இருவரையும் இருக்க வைத்துவிட்டுத்தான் கதைத்தார்.

"அம்மாவின்ரை சூலகத்திலை ஒரு கட்டி இருக்கு. அதாலைதான் வயித்துக்குள்ளை தண்ணி சேர்ந்திருக்கு."

சூலகம் என்றால் கருமுட்டை உண்டாகிற உறுப்பு. புற்றுநோய் என்ற சொல்லை அவர் பிறகுதான் சொன்னார், மெதுவாக. வயிற்றின் உள்தோலிலும் அது பரவியிருந்தது. முதலில் மருந்து ஏற்றிப் பார்க்கலாம் என்றார். பிறகு கேட்டார், "அம்மாவுக்குப் பெண் சகோதரங்கள் இருக்கினமோ? உது சில குடும்பங்களிலை அடுத்தடுத்து வாறது. அவையையும் ஒருக்கா வந்து காட்டச் சொல்லுங்கோ. மகளும் காட்டவேணும்."



"ஒரு தங்கச்சி இருக்கிறா," என்றாள் பரமேசு.

அந்தச் சொல்லை அவள் வாயில் நான் கேட்டு எத்தனையோ வருடம். தனக்கு வந்த நோயின் பெயரைக் கேட்டபோது அழாதவள், அதைச் சொல்லிவிட்டுச் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள்.

தங்கச்சி யோகேஸ்வரி தூரத்தில் இல்லை. எங்கள் வீட்டு மதிலுக்கு அந்தப் பக்கம்தான் இருக்கிறாள். இரண்டு பேரும் பிறந்தது நான் இப்போது இருக்கிற இந்த வீட்டில். எங்கள் ஊரில் வீடு பெண்பிள்ளைக்குச் சீதனமாகப் போகும். அவர்களின் தாய், என் மாமி, இந்த வீட்டை மூத்தவளுக்கு எழுதினார், பக்கத்துக் காணியை இளையவளுக்கு எழுதினார். கிணறு இருவருக்கும் பாதி.

சண்டைக் காலத்துப் பெரிய இடப்பெயர்வில் யாழ்ப்பாணமே ஒரே இரவில் தென்மராட்சிக்கு நடந்ததே, அன்றைக்கு மழையில், சனத்துக்குள் தவறிவிடக்கூடாது என்று பரமேசு தன் சேலைத் தலைப்பை யோகத்தின் சேலைத் தலைப்போடு முடிந்துகொண்டுதான் நடந்தாள். ஒருத்தி நின்றால் மற்றவள் இழுபட்டு நிற்பாள். செருப்பு அறுந்து யோகம் குந்தியபோது இவளும் சேற்றில் குந்திவிட்டாள். பின்னால் வந்தவர்கள் ஏசினார்கள். என்ன சொல்ல வந்தேன்? ஓம், மதில்.

திரும்பி வந்த பிறகு மாமி படுக்கையில் விழுந்தார். யோகம்தான் பார்த்தாள். சாகக் கிடந்த மாமி, வீடு உனக்குத்தான் என்று அவளிடம் வாயால் சொல்லியிருக்கிறார். வீட்டு உறுதிப் பத்திரமோ எப்போதோ மூத்தவள் பெயரில் எழுதி முடிந்துவிட்டது. யோகம் கேட்டாள், பரமேசு கொடுக்கவில்லை. யோகத்தின் புருசன் மதில் கட்டினார். கிணற்றுப் பங்கு அவர்களுக்கும் உண்டு என்பதால் மதில் கிணற்றின் நடுவால் போகிறது. இந்தப் பக்கம் ஒரு வாளி, அந்தப் பக்கம் ஒரு வாளி, கீழே ஒரே தண்ணீர். பிறகு அவர் இறந்தபோது செத்த வீட்டுக்கும் பரமேசு போகவில்லை. அதற்குப் பிறகு அக்காவும் தங்கச்சியும் ஒருவர் வாளி விழுகிற சத்தத்தை மற்றவர் கேட்டதுதான் உறவு.

டொக்டர் சொன்னதைச் சுகந்திதான் கொண்டுபோய்ச் சொன்னாள். சில கிழமையில் திரும்பி வந்து, "சித்தி ஸ்கான் எடுத்தவவாம் அம்மா. எனக்கும் அவவுக்கும் ஒண்டுமில்லையாம்," என்றாள்.

பரமேசு கண்ணை மூடிக் கும்பிட்டாள். பிறகு கேட்டாள், "வாறன் எண்டு ஏதும் சொன்னவளோ?"

"இல்லையம்மா."

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் இரண்டு கணக்கு ஓடியது. ஒன்று வருத்தம் எவ்வளவு தூரம் போய்விட்டது என்பது. மற்றது யோகம் அதற்குமுன் வருவாளா என்பது. நாங்கள் இரண்டாவதைப் பற்றிக் கதைப்பதில்லை. படலை கிரீச்சிட்டால் பரமேசு தலையைத் தூக்குவாள். அதைப் பார்த்துத்தான் எனக்குத் தெரியும்.

கீமோ (புற்றுக் கலங்களைக் கொல்ல நரம்பு வழியாக ஏற்றும் மருந்து) தொடங்கியது. அந்த மருந்து துளித்துளியாக இறங்க ஒரு பகலே போய்விடும். அந்த நேரத்தைப் போக்கத்தான் சுகந்தி ஒரு புத்தகத்தைக் கொடுத்தாள். வகுப்பில் மேசைக்குக் கீழே வைத்து வாசித்த ஒரு பிள்ளையிடமிருந்து பறித்ததாம். பிறகு அந்தப் பிள்ளையிடமே கேட்டு வாங்கிவந்தாள். தடித்த புத்தகம். அட்டையில் இரண்டு குமர்ப்பிள்ளைகள் முதுகோடு முதுகு ஒட்டி நிற்பார்கள். ஒருத்தி தலையில் கிரீடம்.

கோயில் பாட்டையும் பேப்பரையும் தவிர வேறெதுவும் வாசிக்காத பரமேசு அதை எடுத்தபின் கீழே வைக்கவில்லை. ஊசி குத்தியிருந்த கையை அசைக்காமல் மற்றக் கையால் பக்கம் புரட்டினாள். தாதி வந்து பகிடி பண்ணினார்.

"அம்மா, உது சின்னப்பிள்ளையள் வாசிக்கிற புத்தகமெல்லோ?"

"நான் என்ன கிழவியாவே பிறந்தனான் மகள்? கொஞ்சம் பொறு, இஞ்சை பட்டாபிஷேகம் நடக்குது."

வீடு வரும் வழியில் பஸ்ஸில் எனக்குக் கதை சொல்லுவாள். உப்புக்கடல் ஓரத்தில் ஒரு இராச்சியம். அரசனுக்கு இரண்டு பெண்பிள்ளைகள், ஆண்வாரிசு இல்லை. மூத்தவளுக்கு முடி சூட்டுகிறார்கள். அது சும்மா முடி இல்லை. அதை வைத்துக்கொண்டு அவள் என்ன சொன்னாலும் நடக்கும்: மழை வரும், படை பின்வாங்கும். ஆனால் ஒவ்வொரு கட்டளைக்கும் அவளுடைய ஞாபகத்தில் ஒன்றை அந்தக் கிரீடம் குடித்துவிடும். அவள் மறந்ததையெல்லாம் இளையவள் ஞாபகம் வைத்திருந்து காதுக்குள் சொல்லிக் கொடுப்பாள். இளவரசிகளுக்கு வாயில் நுழையாத பெயர்கள். நான் மூத்தவள், இளையவள் என்றே வைத்துக்கொண்டேன்.

தலைமயிர் கொட்டியது. வயிறு வற்றியது. சில மாதம் நன்றாக இருந்தாள். பிட்டு அவித்தாள், கோயிலுக்கும் போனாள், புத்தகத்தை மூடி வைத்துவிட்டாள். வருத்தம் போய்விட்டது என்று நான் நம்பினேன். இதே நிலையில் இருக்கிறவர்களுக்குச் சொல்கிறேன், அந்த மாதங்களை நம்புவது பிழையில்லை. அவை எங்களுக்குக் கிடைத்த மாதங்கள்தான்.

பிறகு சட்டை திரும்பவும் இறுக்கியது. இந்த முறை மருந்து பிடிக்கவில்லை. டொக்டர் சொன்னார், "இனியும் ஏத்தினா அம்மா தாங்கமாட்டா ஐயா. நோவில்லாமல் வைச்சிருப்பம்." வயிற்றில் ஊசி போட்டுத் தண்ணீரை எடுத்துவிடுவார்கள். ஒன்றிரண்டு கிழமையில் மறுபடி ஊறிவிடும். மோர்பின் (கடும் நோவைத் தணிக்கிற மருந்து) பாணியாகத் தந்தார்கள். கீமோவில் மரத்த விரல் நுனிகள் திரும்பவில்லை. ஒரு தாளைப் பிடித்துப் புரட்ட அவளால் முடியாமல் போய்விட்டது. பாதிப் புத்தகம் மிச்சம் இருந்தது.

சுகந்தி இருக்கிறது பருத்தித்துறையில். சனி ஞாயிறில் வந்து வாசிப்பாள். கிழமை நாட்களில் என்ன செய்வது? புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு நான் விழித்தேன். கடைசியில் செல்லையா அண்ணையைக் கூப்பிட்டேன்.

செல்லையா அண்ணை யாரென்று சொல்லவேண்டும். நான் சுருட்டுச் சுற்றினவன். சுருட்டுக் கொட்டிலில் நாங்கள் வரிசையாக இருந்து சுற்ற, ஒருவர் மட்டும் எங்களுக்குப் பேப்பரும் தொடர்கதையும் சத்தமாகப் படிப்பார். அவருடைய பங்குச் சுருட்டை நாங்கள் சுற்றிக் கொடுப்போம். அந்தப் படிப்பாளிதான் செல்லையா அண்ணை. அவரே கோயிலில் புராணமும் படிப்பார். ஒருவர் பாட்டை இழுத்துப் படிக்க, இன்னொருவர் அதற்குப் பயன் சொல்லுவார், அதாவது கருத்தைச் சொல்லுவார். செல்லையா அண்ணைக்குத் தெரிந்தது அந்த ஒரே ராகம். தேர்தல் முடிவையும் அவர் கொட்டிலில் அந்த ராகத்தில்தான் படித்தார்.

பரமேசுவின் கட்டிலைக் காற்றுக்காகக் கிணற்றடிப் பக்க விறாந்தையில் போட்டிருந்தோம். செல்லையா அண்ணை கண்ணாடியைப் போட்டு, தொண்டையைச் செருமி, இளவரசிகள் கதையைப் புராணமாக இழுத்துப் படிக்கத் தொடங்கினார். நான் கோயிலில் கேட்ட பழக்க தோஷத்தில் பயன் சொன்னேன்: "ஆகவே மூத்தவளானவள் தன் தோழியுடைய முகத்தைப் பார்த்து, நீ ஆர் பெண்ணே எண்டு கேட்டாள்." பரமேசு சிரித்துச் சிரித்து வயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

"இஞ்சாருங்கோ, நோகுது, சிரிக்கப் பண்ணாதையுங்கோ. ஆனா நிப்பாட்டாதையுங்கோ."

இன்னொன்று சொன்னால்தான் அடுத்தது விளங்கும். எங்கள் சனத்தில் ஒருவருக்கு உயிர் பிரியப் போகிறதென்றால் கட்டிலருகே இருந்து புராணம் பாடுவார்கள். அந்தக் குரல் கேட்டால் அயலுக்குத் தெரிந்துவிடும்.

ஒரு நாள் பின்னேரம். முதல்நாள் தண்ணீர் எடுத்ததால் அவள் லேசாக, தலையணையில் சாய்ந்து இருந்தாள். கையில் தோடம்பழச் சாறு. கதையில் பொல்லாத இடம். மூத்தவள் ஒவ்வொன்றாக மறந்து வந்து, கடைசியில் தங்கச்சியையே மறந்துவிட்டாள். முன்னால் நிற்பவளை வேவுகாரி என்று நினைத்துச் சிறையில் போடச் சொல்கிறாள். அதுவரை மெல்லப் படித்துவந்த செல்லையா அண்ணை இளையவளின் புலம்பலை உருகி உருகி, மதிலுக்கு அந்தப் பக்கமும் கேட்கப் படித்தார்.

படலை திறந்தது. முன்வீட்டுக்காரர் தோளில் சால்வையோடு வந்தார், கக்கத்தில் செத்த வீட்டுக்கென்று மடித்த வெள்ளை வேட்டி. பின்னால் இரண்டு மூன்று பெண்கள், ஒருத்தி ஏற்கெனவே மூக்கை உறிஞ்சிக்கொண்டு. நான் வாயைத் திறப்பதற்குள் அவர்களை இடித்துத் தள்ளிக்கொண்டு யோகம் வந்தாள். கிணற்றடியில் நின்றவள் அப்படியே ஓடிவந்திருக்கிறாள். சேலை முழங்கால்வரை ஈரம், கொண்டை அவிழ்ந்து கிடந்தது.

"ஐயோ அக்கா! என்னோடை ஒரு சொல்லுக் கதையாமல் போயிட்டியே!"

"எங்கையடி போறது?" என்றாள் பரமேசு. "நிலத்திலை கால் வைக்கவே ஏலாமக் கிடக்கு."

யோகம் நின்ற இடத்திலேயே நின்றாள்.

"அப்ப... உந்தப் புராணம்?"

செல்லையா அண்ணை புத்தகத்தைத் தூக்கி அட்டையைக் காட்டினார். "புராணம் இல்லைப் பிள்ளை. ரண்டு இளவரசியளின்ரை கதை."

"உங்களுக்கு விசரே செல்லையா அண்ணை? கதையை உப்பிடியே படிக்கிறது? என்ரை நெஞ்செல்லோ வெடிக்கப் பாத்தது!"

"எனக்கு வேறை ராகம் தெரியாதடி பிள்ளை."

முன்வீட்டுக்காரர் வேட்டியை முதுகுக்குப் பின்னால் ஒளித்தார். பரமேசு கண்டுவிட்டாள். "கொண்டந்ததைத் திருப்பிக் கொண்டு போகாதையுங்கோ. உதிலை வையுங்கோ, வேணும்தானே," என்றாள். யார் முதலில் சிரித்தது என்று தெரியாது. சிரிப்போடு அழுகையும் வந்தது. வந்தவர்கள் தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார்கள்.

யோகம் கொண்டையை முடிந்தாள். "நான் பிழையா விளங்கிக்கொண்டு வந்திட்டன் அத்தான். போறன்," என்று என்னைப் பார்த்துச் சொன்னாள். அக்காவைப் பார்க்கவில்லை.

"இளையவள் சிறையிலை கிடக்கிறாள்," என்றாள் பரமேசு. "என்ன நடந்ததெண்டு கேளாமல் போறியே?"

"ஆர் இளையவள்?"

"வந்து குந்தன். சொல்லுவினம்."

யோகம் குந்தினாள். கட்டிலில் இல்லை, வாங்கின் நுனியில்.

மறுநாளும் வந்தாள், கதையின் மிச்சம் கேட்க வந்ததாகச் சொல்லிக்கொண்டு. அதற்கு மறுநாள் செல்லையா அண்ணையிடமிருந்து புத்தகத்தை வாங்கிவிட்டாள். "நீங்கள் படிச்சது காணும். இவ செத்துப்போனா எண்டு ஊர் இன்னொருக்கா வரும்." அன்றிலிருந்து வாசித்தது யோகம்தான். பயன் சொல்லும் வேலை எனக்கு நின்றுபோனது. கால்மாட்டில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

வீட்டைப் பற்றி, மாமியைப் பற்றி, மதிலைப் பற்றி அவர்கள் ஒரு சொல் கதைக்கவில்லை. இளவரசிகளைப் பற்றித்தான் சண்டை.

"முடி தலையிலை ஏறினாப் பிறகு மூத்தவளுக்கு இளையவளைத் தெரியுமே?" என்பாள் யோகம், பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டு.

"அவள் வேணுமெண்டே மறந்தவள்? கிரீடமெல்லோ மறக்கப் பண்ணினது."

"எடுத்துத் தலையிலை வைச்சது ஆர்?"

"தகப்பன் வைச்சது. அவள் சின்னப்பிள்ளை."

"கழட்டியிருக்கலாம்தானே அக்கா. ஒருக்காலெண்டாலும் கழட்டியிருக்கலாம்."

பரமேசு தலையைத் திருப்பித் தங்கச்சியைப் பார்த்தாள். "ஓம்," என்றாள். "கழட்டியிருக்கலாம்."

யோகம் மூக்கைத் துடைத்துவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டினாள்.

வருத்தம் நிற்கவில்லை. கால்கள் வீங்கின, கை மெலிந்து காப்பு முழங்கைவரை ஓடியது. நித்திரை கூடியது. வாசிக்கும்போதே தூங்கிவிடுவாள். எழும்பி, "எதிலை விட்டனாங்கள்?" என்பாள். யோகம் பின்னுக்குப் போய் வாசிப்பாள். முன்னுக்குப் போனதைவிடப் பின்னுக்குப் போனதுதான் அதிகம். கடைசி அதிகாரம் முழுதாக மிச்சம் இருந்த ஒரு காலை, பரமேசுவே கேட்டாள்.

"எனக்கு இனி அவ்வளவும் கேக்க ஏலாது. முடிவை மட்டும் நீ பாத்துச் சொல்லன்."

யோகம் விறாந்தைப் படியில் போய் இருந்து, முதுகைத் திருப்பிக்கொண்டு வாசித்தாள். நெடுநேரம் திரும்பவில்லை. பிறகு வந்து முதல்முறையாகக் கட்டிலிலேயே, அக்காவின் இடுப்போடு ஒட்டி இருந்தாள்.

"மூத்தவளுக்கு எல்லாம் ஞாபகம் வந்திட்டுது அக்கா. கிரீடத்தைச் சிம்மாசனத்திலையே வைச்சிட்டு ரண்டு பேரும் வெளிக்கிட்டினம். அரண்மனைக்குப் பின்னாலை ஒரு கிணறு. அதிலை அள்ளி ஒருத்திக்கு ஒருத்தி தலையிலை வார்த்து முழுகினவையாம்."

பரமேசு கண்ணைத் திறந்தாள். "கிணறு எங்கையிருந்து வந்தது? இவ்வளவு நாளும் அந்த அரண்மனையிலை கிணறு இருக்கேல்லையே."

"இருந்தது. நீ நித்திரையாப் போன நேரம் வாசிச்சனான்."

"மெய்யே?"

"ஓம் அக்கா."

பரமேசு என்னைப் பார்த்தாள். உதடு சிரிப்புக்கு மடிந்தது. "வடிவான முடிவு," என்றாள்.

அதற்குப் பிறகு அவள் அதிகம் கதைக்கவில்லை. இரண்டொரு நாளில் மூச்சு மாறியது. நல்ல வெயில் நேரம். செல்லையா அண்ணை வந்து, கண்ணாடி போடாமல், உண்மையான புராணத்தைப் பாடினார். சுகந்தி கால்களைப் பிடித்திருந்தாள். யோகம் பஞ்சால் உதட்டை நனைத்துக்கொண்டிருந்தாள். பாட்டு முடியுமுன் பரமேசுவின் மூச்சு நின்றது.

அயலில் ஒருவரும் வரவில்லை. குரல் கேட்டிருக்கிறது, செல்லையா அண்ணை மறுபடி கதை படிக்கிறார் என்று இருந்துவிட்டார்கள். யோகம் எழுந்து தனியே படலையடிக்குப் போய் ஒழுங்கையைப் பார்த்துச் சொன்னாள், "இண்டைக்குக் கதை இல்லை. எங்கடை அக்கா போயிட்டா."

அந்தியேட்டி (முப்பத்தோராம் நாள் சடங்கு) முடிந்ததும் சுகந்தி புத்தகத்தை அந்தப் பிள்ளையிடம் திருப்பிக் கொடுக்க எடுத்தாள். பஸ்ஸில் போகும்போது கடைசி அதிகாரத்தை வாசித்தாளாம். என்ன இருந்தது என்று அவள் சொல்லவில்லை. இதை எழுதும்போதும் சொல்லவில்லை. நான் கேட்கப்போவதும் இல்லை.

இப்போது என் உடம்பு எனக்குப் புதிதாக இருக்கிறது. அவளைத் தூக்கி இருத்திப் பழகிய கைகள், ஒன்றும் தூக்காதபோது உளைகின்றன. பாணி மருந்து கொடுக்கும் நேரங்களில் தானாக எழும்பி நிற்கிறேன். நின்றபிறகுதான் கொடுக்க ஆளில்லை என்பது வருகிறது. முன்பெல்லாம் கொழும்பு ரயில் போகிற சத்தத்தில் நேரம் தெரியும். இப்போது ரயில் போகிறது, நேரம் போவதில்லை. பின்னேரம் ஆனால் காது மட்டும் முழித்துக்கொள்கிறது. மற்ற உடம்பு அதற்குப் பின்னால் மெல்ல வருகிறது. மதிலை இடிக்க ஒருவருக்கும் நேரம் வரவில்லை. யோகம் றோட்டால் சுற்றி வந்து சோறு தந்துவிட்டுப் போகிறாள்.

செல்லையா அண்ணைக்கு வேறு ராகம் தெரியாததால்தான் எங்கள் வீட்டுக்கு யோகம் வந்தாள். எல்லா வீட்டிலும் அப்படி ஒரு பிழை நடக்காது. அதனால் இதைக் கேட்டவர்கள் ஒரு உதவி செய்யுங்கள். இந்த வருத்தம் ஒரு பெண்ணுக்கு வந்தால் அவளுடைய சகோதரிகளும் மகள்மாரும் போய்க் காட்டவேண்டும் என்று டொக்டர் எங்களுக்குச் சொன்னதை, தெரிந்த பெண்களுக்குச் சொல்லுங்கள். அந்தச் செய்தியைச் சகோதரிக்கு வேறு ஆளிடம் கொடுத்தனுப்பாமல், வருத்தம் வந்தவளையே நேரில் போய்ச் சொல்லச் சொல்லுங்கள். போனால் என்ன கதைப்பது என்று தெரியாவிட்டால், ஏதாவது ஒரு கதைப்புத்தகத்தைக் கையில் கொண்டுபோகச் சொல்லுங்கள்.